பழைய கண்ணாடிப் பாட்டில்கள்: துலக்குதலும் பேணுதலும்

பழைய கண்ணாடிப் பாட்டிலில் காணும் மங்கல் இரண்டு வகை. ஒன்று, கண்ணாடியின் மேல் வந்து படிந்தது: மண், சுண்ணாம்பு, துரு, எண்ணெய், உள்ளே இருந்த மருந்தின் வண்டல். மற்றொன்று, கண்ணாடியே கெட்டுப்போனதால் உண்டானது. முன்னதைக் கழுவி நீக்கலாம். பின்னதை எந்தத் திரவத்தாலும் நீக்க முடியாது. அங்கே கழுவுவதற்கு அழுக்கு என்று எதுவும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் தேய்த்தும் அமிலத்தில் ஊறவைத்தும் பாழாக்கிய பாட்டில்கள் ஏராளம். மண்ணில் நூறு ஆண்டு தாக்குப்பிடித்த பொருள் கழுவும் தொட்டியில் ஒரே நாளில் கெட்டுப்போவது இத்துறையில் புதிதல்ல.

கண்ணாடி கெடுவது எப்படி

பாட்டில் செய்யப் பயன்படுவது பெரும்பாலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கா. மீதியில் சோடாவும் சுண்ணாம்பும் முக்கியமானவை. சிலிக்காவை மட்டும் உருக்க 1700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சோடா சேர்ந்தால் அந்தச் சூடு வெகுவாகக் குறைகிறது. ஆனால் சிலிக்காவும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையக்கூடியது. அதைக் கரையாமல் நிறுத்திவைப்பது சுண்ணாம்பு. பழைய உலைகளில் இந்தக் கலவை அனுபவத்தை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. ஒரு நாள் உருக்கிய கலவை மறுநாள் உருக்கியதைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே குழியில் அருகருகே கிடந்த இரண்டு பாட்டில்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றது வெளிறியும் வெளிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்ணாடியைத் தண்ணீர் தொடும்போது, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே புகுந்து சோடியம் அயனிகளை வெளியேற்றுகின்றன. வெளியேறிய சோடியம் ஓடும் நீரில் போய்விடும். தேங்கிய நீரிலோ அது அங்கேயே நின்று நீரைக் காரமாக்கும். காரத்தன்மை பிஎச் 9 என்ற அளவைத் தாண்டினால் சிலிக்காவின் பின்னலே கரையத் தொடங்குகிறது. பாட்டிலின் வெளிப்புறத்தைவிட உட்புறம் அதிகம் மங்கியிருப்பதன் காரணம் இதுதான்: அடியில் தேங்கிய சிறிது நீர், வெளியேற வழியில்லாத கழுத்து, நீண்ட காலம். கழுவிவிட்டு ஈரத்தோடு மூடிபோட்டு வைத்த பாட்டிலிலும் இதுவே நடக்கும்.

இப்படிச் சோடியம் இழந்த மேற்பரப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய ஏடுகளாகப் பிரியும்போது வானவில் நிறங்கள் தோன்றுகின்றன. ஏடுகளின் தடிமன் ஒளியின் அலைநீள அளவுக்கு அருகில் இருப்பதால், வெவ்வேறு ஏடுகளிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. ரோமானியக் கண்ணாடிகளில் இந்த மினுக்கம் புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி இதைச் செயற்கையாகவே உண்டாக்கித் தம் கண்ணாடிக் கலங்களை விற்றார். இன்று அதை 'அழுக்கு' என்று சுரண்டுவோர் ஒரு பக்கம், அதற்காகவே கூடுதல் விலை கொடுப்போர் மறு பக்கம். மினுக்கும் ஏடு கண்ணாடியின் பழைய மேற்பரப்பேதான். அதை எடுத்தால் பாட்டிலின் தோலை உரித்ததாகும்.

இன்னொரு கேடு கலவைக் கோளாறினால் வருவது. 1670களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் தெளிந்த கண்ணாடி செய்ய முயன்றபோது, அவருடைய தொடக்ககாலக் கலங்கள் சில மாதங்களிலேயே நுண்ணிய வெடிப்புகளால் மூடப்பட்டன. பிறகு ஈயத்தின் அளவைச் சரிசெய்து அவர் அதைத் தீர்த்தார். இத்தகைய கண்ணாடி ஈரக்காற்றில் 'அழும்': மேற்பரப்பில் வழுவழுப்பான காரத் துளிகள் கசியும். அதே கண்ணாடி வறண்ட காற்றில் நீரை இழந்து வெடிக்கும். சாதாரண சோடா, மருந்துப் பாட்டில்களில் இது அரிது. வாசனைத் தைலக் குப்பிகள், மேசை மதுக் குடுவைகள் போன்ற நயமான கண்ணாடியில் எதிர்பார்க்க வேண்டியது.

கழுவுமுன் அறிய வேண்டியவை

பாட்டிலின் வயதும் செய்த முறையும் தெரிந்தால் அதை எவ்வளவு கடுமையாகக் கையாளலாம் என்பது புரியும். அடிப்பகுதியில் கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், ஊதிய பாட்டிலை இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்து வாயைச் செய்திருக்கிறார்கள். இது பொதுவாக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய வழக்கம். அச்சின் பொருத்துக்கோடு கழுத்தோடு நின்றுவிட்டால் வாய் தனியாகக் கையால் முடிக்கப்பட்டது. கோடு உதட்டின் உச்சிவரை ஏறியிருந்தால் அது இயந்திரப் பாட்டில். அமெரிக்காவின் டொலீடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் உருவாக்கிய தானியங்கி இயந்திரத்துக்குப் பிறகு பரவிய வகை. கையால் செய்தவற்றில் சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும்; சில சரியாக ஆறவைக்கப்படாமல் உள்ளிறுக்கத்தோடு இருக்கும். அப்படிப்பட்ட பாட்டில் திடீர்ச் சூட்டையோ குளிரையோ தாங்காது. கொதிநீர் ஊற்றிக் கழுவுவது நம் வீடுகளில் பழகிய வழி என்றாலும் பழைய பாட்டிலுக்கு அது ஆகாது.

வெளிர் ஊதா நிறப் பாட்டில்கள் தனி இனம். பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்த்த நிறமற்ற கண்ணாடி, வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பல ஆண்டுகளில் ஊதாவாகிறது. 1880களிலிருந்து 1910கள் வரை அமெரிக்காவில் இவ்வகை மிகுதியாக வந்தது. கதிரியக்கத்தில் வைத்தால் சில மணி நேரத்திலேயே ஆழ்ந்த ஊதா ஏற்றலாம் என்பதால் சந்தையில் போலிகளும் உண்டு. இந்த நிறம் கண்ணாடியின் உள்ளேயே இருப்பது. கழுவினால் போகாது, கழுவிப் போக்க முயலவும் வேண்டாம்.

அடுத்த கேள்வி, உள்ளே என்ன இருந்தது என்பது. இதைப் பலர் கேட்பதே இல்லை. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நஞ்சு விற்ற பாட்டில்கள் இருளில் தடவினாலும் தெரியும்படி விலா வரிகளோடும், அறுகோண வடிவிலும், கருநீல அல்லது பச்சை நிறத்திலும் செய்யப்பட்டன. அவற்றின் அடியில் ஒட்டியிருக்கும் தூள் ஸ்ட்ரிக்னினாகவோ ஆர்சனிக்காகவோ இருக்கலாம். பழைய மருந்துக்கடை, ஆய்வுக்கூடச் சரக்கில் இன்னும் மோசமானவை உண்டு. மஞ்சள் படிகமாக உலர்ந்த பிக்ரிக் அமிலம் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடியது. நாள்பட்ட ஈதரிலும் வெடிக்கும் பெராக்சைடுகள் சேர்ந்திருக்கும். தீயை அணைக்க எறிந்து உடைக்கும் கண்ணாடிக் குண்டுகளில் முந்தையவை உப்புநீரும் சோடாவும் கொண்டவை. 20ஆம் நூற்றாண்டில் வந்தவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. அது கல்லீரலைக் கெடுக்கும். சூடேறினால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாகும். உள்ளடக்கம் தெரியாத, மூடி இறுகிய பாட்டிலைத் திறக்காமல் ஒதுக்கிவைத்து, வேதியியல் தெரிந்தவரிடம் கேட்பதே முறை. சாக்கடையில் கொட்டுவது தீர்வாகாது.

திறக்காமல் விடுவதற்கு வேறு காரணமும் உண்டு. ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் 1867இல் ஒரு ரோமானியக் கல்லறையில் கிடைத்த மதுப் பாட்டில் கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே ஊற்றிய ஒலிவ எண்ணெயும் மெழுகு முத்திரையும் உள்ளிருக்கும் திரவத்தைக் காத்துள்ளன. அங்குள்ள அருங்காட்சியகம் அதை இன்றும் திறக்கவில்லை. உள்ளிருப்பதும் வரலாற்றின் பகுதி. மருந்துக் குப்பியின் அடிவண்டலுக்கும் இது பொருந்தும்.

கழுவும் முறை

பெரும்பாலான பாட்டில்களுக்கு வேண்டியது மிகச் சாதாரணமானது: அறைச்சூட்டுத் தண்ணீர், சில துளி மென்மையான பாத்திரத் திரவசோப்பு, நைலான் மயிர்க் குச்சித்தூரிகை, பொறுமை. பிளாஸ்டிக் தொட்டி அல்லது அடியில் துண்டு விரித்த வாளி போதும். உலோகத் தொட்டியும் குழாய் முனையும்தான் அதிகப் பாட்டில்களை உடைக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் மட்டும் தொட்டியில் இருக்கட்டும். கெட்டியான மண் ஓர் இரவு ஊறினால் தானாக இளகும். மீதியை மூங்கில் குச்சியால் நெம்பலாம். தூரிகையின் முறுக்குக் கம்பி நுனி அடியைக் கீறாதபடி துணி சுற்றியிருக்க வேண்டும்.

கழுத்து குறுகி, தூரிகை எட்டாத இடத்தில் வேறு வழி வேண்டும். அரிசியைச் சிறிது சோப்புநீரோடு போட்டுக் குலுக்குவது பழைய வழி, தீங்கும் குறைவு. மணல் போட்டுக் குலுக்கக் கூடாது. மணலின் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7; கண்ணாடி 5.5 அளவே. மணல் கண்ணாடியைக் கீறியே தீரும். ஐரோப்பாவில் துப்பாக்கி ஈயக்குண்டு போட்டுக் குலுக்கும் வழக்கம் இருந்தது. அது கீறவில்லை, ஆனால் உள்ளே ஈயத்தை விட்டுச்சென்றது. சாம்பல் நம் ஊரில் எல்லாப் பாத்திரத்துக்கும் வந்த மருந்து. அதில் காரமும் சிலிக்காத் துகளும் இருப்பதால் கண்ணாடிக்கு இரண்டு வழியிலும் பகை. இரும்பு நாரும் தேய்ப்புத்தூளும் இதே கணக்கில் சேரும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் அப்படியே: அதன் சூடும் காரமும் நல்ல கண்ணாடியைக்கூட நிரந்தரமாக மங்கவைக்கும்.

கழுவியபின் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும். நம் கிணற்று, ஆழ்குழாய் நீர் பல ஊர்களில் கடுநீர். கழுவி நீக்கிய சுண்ணாம்பையே அது உலரும்போது திரும்பப் படியவைக்கும். தலைகீழாகக் கவிழ்த்து, வாய்க்கடியில் காற்று புகும்படி குச்சிகளின் மேல் நிறுத்தி உலர்த்தலாம். உள்ளே ஈரம் நின்றால் சிறிது ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினால் விரைவில் உலரும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையரால் சூடேற்றுவதும் வேண்டாம்.

கறைக்கேற்ற மருந்து

சுண்ணாம்புப் படிவம் வெள்ளையாக, நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கும். இதுவே சோதனையும் சிகிச்சையும். வினிகரிலோ எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ சில மணி நேரம் ஊறினால் பெரும்பகுதி கரையும். புளிக்கரைசல் இதையே மெதுவாகச் செய்கிறது. கழிவறை ஆசிட் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நொடியில் கரைக்கும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் அதை நாடுகிறார்கள். அதன் புகையும் தெறிப்பும் தரும் ஆபத்துக்கு அந்த வேகம் ஈடாகாது.

துருக்கறை காவி நிறம். மெல்லியதைச் சிட்ரிக் அமிலமே எடுக்கும். பிடிவாதமான கறைக்கு ஆக்சாலிக் அமிலம் பயன்படுகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு; கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இதில் ஒரு கண்ணியும் உள்ளது: பாட்டிலில் சுண்ணாம்புப் படிவம் மீதியிருக்கும்போது ஆக்சாலிக் அமிலத்தை ஊற்றினால் கரையாத கால்சியம் ஆக்சலேட் உண்டாகி, நீக்க வந்த கறையைவிடப் பிடிவாதமான கறை ஏறிவிடும். ஆகவே முதலில் சுண்ணாம்பு, நன்றாக அலசல், பிறகே துரு.

எண்ணெய், கொழுப்பு, பிசின் போன்றவற்றுக்குச் சலவைச் சோடாக் கரைசலை நீர்த்த அளவில், குறுகிய நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். தார், பெயின்டுக்கு அசிட்டோன் அல்லது டர்பன்டைன். கறுத்த பூஞ்சைக் கறைக்கும் தேநீர் நிறக் கறைக்கும் பல்செட் கழுவும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஓர் இரவு விடுவது வியப்பூட்டும் அளவுக்குப் பயன் தரும். கடைச்சரக்கில் இதைவிட எளிய, பத்திரமான பொருள் வேறில்லை. ப்ளீச்சிங் திரவம் இதே வேலையைச் செய்யும் என்றாலும் அதை அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியாவோடு சேர்த்தாலும் நச்சுப்புகை. வினிகர் ஊற்றிய பாட்டிலை அலசாமல் ப்ளீச் ஊற்றியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

காஸ்டிக் சோடாவை எதற்கும் எடுக்க வேண்டாம். அமிலத்தை ஓரளவு தாங்கும் கண்ணாடி கடுங்காரத்தைத் தாங்குவதில்லை. காரம் சிலிக்காப் பின்னலையே அறுக்கிறது. மறுமுனையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம். கண்ணாடியை நேரடியாகக் கரைப்பது அதுதான். சிலர் மங்கலைப் 'பொசுக்க' அதைப் பயன்படுத்தியதுண்டு. தோலில் பட்டால் வலி தெரிவதற்குள் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்து உயிரையே வாங்கக்கூடிய அமிலம் அது. வீட்டில் அதற்கு இடமே இல்லை.

இவ்வளவும் நலமான கண்ணாடிக்கு. மேற்பரப்பு ஏற்கெனவே ஏடாகப் பிரிந்த, மினுக்கும் அல்லது அழும் பாட்டிலில் வினிகர்கூட எஞ்சிய சோடியத்தையும் கால்சியத்தையும் இழுத்துவிடும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைப்பதும் கூடாது. மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துவது நல்லது. எந்த வகை மங்கல் என்று அறிய ஓர் எளிய சோதனை போதும்: பாட்டிலை நனைத்தால் மங்கல் மறைந்து, உலர்ந்ததும் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் கண்ணாடியின் கேடு. குழிகளிலும் கீறல்களிலும் நீர் நிரம்பியதால் ஒளி சிதறாமல் சென்றது, அவ்வளவே. சில வியாபாரிகள் உள்ளே கனிம எண்ணெய் தடவி இதே விளைவை நிலையாக்கி விற்கிறார்கள். எண்ணெய் தடவுவது தவறில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

கோலி சோடா பாட்டில்

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்கு அதிகம் கைக்கு வருவதும் கழுவக் கடினமானதும் கோலி சோடா பாட்டில்தான். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்தில் கண்ணாடிக் கோலி, உதட்டுக்குள் ரப்பர் வளையம். கவிழ்த்து நிரப்பும்போது வாயுவின் அழுத்தம் கோலியை வளையத்தில் அழுத்தி மூடிவிடும். ஹைரம் காடின் கூட்டாளிகளான ரைலண்ட்ஸ் குடும்பத்தின் ஆலை யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லியில் இருந்தது. 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி வந்தபின் மேலைநாடுகளில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்ததும் அங்கே முழுப் பாட்டில்கள் அருகியதற்கு ஒரு காரணம். இந்தியாவிலும் ஜப்பானிலும் அது மறையவேயில்லை. இதனால் வாங்குபவருக்கு ஒரு தொல்லை: கோலி இருக்கிறது என்பதால் மட்டும் பாட்டில் பழையதாகிவிடாது. அழகுக்காகப் புதிதாகச் செய்த அடர்நிறப் பாட்டில்களும் பழையவையாக விலை போகின்றன.

இதன் கழுத்து இடுக்கில் தூரிகை நுழையாது. கோலியையும் பாட்டிலை உடைக்காமல் எடுக்க முடியாது. ஆகவே ஊறவைப்பதும் குலுக்குவதும்தான் வழி. பாதி அளவு வெதுவெதுப்பான சோப்புநீர் ஊற்றி, பக்கவாட்டில் படுக்கவைத்து உருட்ட வேண்டும். செங்குத்தாகக் குலுக்கினால் கோலி மோதி இடுக்கின் விளிம்பு சிதறும். கோலிக்கும் இடுக்குக்கும் இடையில் சேர்ந்த சுண்ணாம்புக்குச் சிட்ரிக் கரைசலை அந்த மட்டம்வரை நிரப்பி வைக்கலாம். வளையத்தின் பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். அதை நெம்பி எடுப்பதற்குள் உதடு தெறித்துவிடும். அப்படியே விட்டுவிடுவது மேல். காட்சிக்கு வைப்பவர் கோலி அடிக்கடி அசையாதபடி பாட்டிலை நிறுத்தியே வைக்க வேண்டும்.

மெருகேற்றும் உருளை

கண்ணாடியே கெட்டு உண்டான மங்கலைப் போக்க ஒரே வழி, கெட்ட மேற்பரப்பை அரைத்து எடுப்பது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கென உருளைப் பொறி வைத்திருக்கிறார்கள். பாட்டிலை ஓர் உருளைக்குள் அசையாமல் பொருத்தி, உள்ளும் புறமும் சிறிது சிறிதாக நறுக்கிய செம்புக் கம்பியையும் நீரையும் அரைதூளையும் இட்டு நாட்கணக்கில் சுழலவிடுவார்கள். செம்பு கண்ணாடியைவிட மென்மையானது. தானாகக் கீறாது, தூளைச் சுமந்து தேய்க்க மட்டும் செய்யும். ஆழக் கீறலுக்குச் சிலிக்கன் கார்பைடு, அடுத்து அலுமினியம் ஆக்சைடு, இறுதிப் பளபளப்புக்குச் சீரியம் ஆக்சைடு என்று படிப்படியாகப் போவார்கள்.

இந்த வேலையின் விளைவு கண்ணைப் பறிக்கும். குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்த பாட்டில் நேற்று ஊதியதுபோல் ஆகிவிடும். குறை சொல்வோரின் வாதமும் அதுவே. எழுத்துப் புடைப்பின் கூர்மை மழுங்குகிறது, அச்சுக்கோடு தேய்கிறது, உதட்டுக் கருவித் தழும்பு மறைகிறது. வயதைக் காட்டிய சான்றுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. சாதாரணமாகக் கிடைக்கும் சோடா பாட்டிலை, இலேசான மங்கலுக்கு, கைதேர்ந்தவர் மெருகேற்றுவதில் பெரிய இழப்பில்லை. அரிய பாட்டிலையோ தொல்லியல் பொருளையோ உருளையில் இடுவது மீட்க முடியாத சேதம். ஒருமுறை அரைத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அருங்காட்சியகத்தார் இதைத் தொடாமல் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தவை

நீண்ட நாள் ஈரத்தில் கிடந்த கண்ணாடியின் ஏடுகளை அந்த ஈரமே பிடித்து நிறுத்தியிருக்கும். எடுத்தவுடன் காயவிட்டால் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழன்று விழும். கடலில் கிடந்ததானால் உப்பும் ஊடுருவியிருக்கும். உலரும்போது உப்பு படிகமாகிக் கண்ணாடியை உடைத்துத் தள்ளும். ஈரமாகவே வைத்திருந்து, கடல்நீரிலிருந்து நன்னீருக்குப் படிப்படியாக மாற்றி, நீரைத் திரும்பத் திரும்ப மாற்றி உப்பை வெளியேற்றுவது பாதுகாப்பாளர் முறை. 2010இல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்கள் மீட்கப்பட்டன. குளிரும் இருளும் நிலைத்த ஆழ்கடல் அவற்றைக் காத்திருந்தது. வெப்பக் கடல்களின் கரையோர மணலில் புரண்ட பாட்டில்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது சட்டப்படி குற்றம். நூறு ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவற்றை உரிமமின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அரிக்கமேடு போன்ற இடத்தின் கண்ணாடிச் சில்லு ஒன்று தற்செயலாகக் கிடைத்தாலும், கழுவாமல் தொல்லியல் துறையிடம் சேர்ப்பதே சரி. ஒட்டியிருக்கும் மண்ணும் ஆய்வுக்கு வேண்டியது.

சீட்டு, மூடி, உடைசல்

காகிதச் சீட்டு ஒட்டிய பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கவே கூடாது. சீட்டில்லாத பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்கலாம், சீட்டை மென்தூரிகையால் தூசு தட்டலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சேகரிப்பு உலகில் நல்ல நிலையிலுள்ள சீட்டுக்குப் பாட்டிலைவிட விலை அதிகம். 1930களுக்குப் பின் குளிர்பானப் பாட்டில்களில் வந்த வண்ண அச்சு கண்ணாடியோடு சுட்டது என்றாலும், அமிலத்திலும் காரத்திலும் நீண்ட நேரம் கிடந்தால் வெளிறும். பொன்வரி தேய்த்தாலே போய்விடும்.

இறுகிய கண்ணாடி மூடியைத் திருகக் கூடாது. மூடிக்கும் கழுத்துக்கும் இடையே ஊடுருவும் மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, வெதுவெதுப்பான துணியைக் கழுத்தில் சுற்ற வேண்டும். கழுத்து சற்று விரிந்ததும் மரத்துண்டால் இருபுறமும் மாறிமாறி இலேசாகத் தட்டினால் பெரும்பாலும் இளகும். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்த பாட்டிலில் மட்டுமே இதைச் செய்யலாம்.

உடைந்ததை உடனடி ஒட்டுப்பசையால் ஒட்டுவது பெருந்தவறு. பாதுகாப்பாளர்கள் பயன்படுத்தும் பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் அசிட்டோனில் திரும்பக் கரையும். ஆகவே ஒட்டுப் பிசகினால் திருத்தலாம். கண்ணாடியின் ஒளிவிலகலுக்கு இணையான எபாக்சி ஒட்டு விரிசலை ஏறக்குறைய மறைத்துவிடும், ஆனால் கழற்றுவது கடினம். லண்டனிலுள்ள போர்ட்லாண்ட் ஜாடி என்ற பழங்கண்ணாடிக் கலம் 1845இல் சுக்குநூறாக உடைக்கப்பட்டு, அதே ஆண்டு ஒட்டப்பட்டது. பழைய பசை தளர்ந்ததால் 1948இலும் 1980களின் இறுதியிலும் மீண்டும் பிரித்து ஒட்ட வேண்டியிருந்தது.

வைக்கும் இடம்

நலமான கண்ணாடிக்குச் சாதாரண அறையின் ஈரப்பதம் போதும். அழும் கண்ணாடிக்கு 40 முதல் 45 சதவீதம் என்ற குறுகிய வரம்பு வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் இது நடவாது. ஈரத்தின் அளவைவிட அது திடீரென ஏறி இறங்குவதில்தான் கெடுதி அதிகம். இரவெல்லாம் குளிர்சாதனம், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்ற வீட்டில் அப்படிப்பட்ட பாட்டில்களை வாங்காமலிருப்பதே நல்லது.

புதுப் பிளைவுட், ஓக் மரம் போன்றவற்றிலிருந்து வெளிப்படும் ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவி, மூடிய அலமாரிக்குள் சேர்ந்து கண்ணாடியின் சோடியத்தோடு கூடி வெள்ளைப் படிகங்களைப் படியவைக்கும். பொடிப்பூச்சு உலோகத் தட்டுகளும் கண்ணாடித் தட்டுகளும் இந்த வகையில் பத்திரமானவை. ஜன்னல் விளிம்பில் நிறப் பாட்டில்களை வரிசையாக அடுக்குவது கண்ணுக்கு இனிது, ஆனால் வெயிலும் பூனையும் அதற்கு எதிரிகள். பாட்டில் சறுக்காமல் அடியில் மெழுகுப் புள்ளி வைக்கலாம். மூடிகளைத் தனியே வைத்து, வாய் திறந்தபடி நிறுத்த வேண்டும். ஈரம் உள்ளே சிறைப்படாது. பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் அதன் அமிலமும் மையும் ஒட்டும். அமிலமற்ற மென்தாள் அல்லது துவைத்த பருத்தித் துணி போதும். தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் அடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலோ வேறெங்கோ வாங்கிய பாட்டிலைத் தண்ணீரில் இறக்குமுன் நான்கு பக்கமும் அடியும் படமெடுத்து, எங்கே கிடைத்தது, என்ன நிலையில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு எதில் எவ்வளவு நேரம் ஊறியது, எண்ணெய் தடவினார்களா, உருளையில் இட்டார்களா என்பதையும் அதே சீட்டில் சேர்க்க வேண்டும். பாட்டிலை விற்கும்போது அந்தச் சீட்டும் கூடவே போக வேண்டும். மெருகேற்றிய பாட்டிலை அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று.